துரை வந்தும் நாங்கள் எழுந்திருக்கவில்லை

முப்பதுகளின் தொடக்கம் அது. உப்புக் காய்ச்சி ஜெயிலுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் கணவர் தாம் நெய்த பட்டுப் புடவைகளைப் பட்டணத்து ஜவுளிக் கடையில் கொடுக்கக் கிளம்பும்போதெல்லாம் என்னையும் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிப்பேன். அந்தத் தை மாதம் ஒருவழியாகச் சம்மதித்தார்.

சம்மதித்ததற்குக் காரணம் ஜவுளிக் கடைக்காரர் வீட்டு அம்மாள் சொல்லியனுப்பிய ஒரு சேதி. பட்டணத்தில் நவாபு காலத்துக் கோட்டை மாளிகை ஒன்று இருந்தது. பெயர் எதற்கு? உள்ளே ஒரு கூடத்தில் பழைய ஆயுதங்கள், இன்னொன்றில் பாடம் செய்த மிருகங்கள், மற்றொன்றில் ராஜாக்கள் ஏறிய பல்லக்குகள் என்று காட்சிசாலைகள் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் இந்த மாதிரி இடம் எதுவானாலும் 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வோம். அங்கே மாதத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும். அன்றைக்கு உள்ளே வேலை பார்ப்பவர்கள்கூடப் பெண்கள்தான். சேவகர்கள் வெளிவாசலோடு நிற்க வேண்டும். அதெல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம், அதன் உச்சி மாடத்தில் ஏறினால் கடல் தெரியுமாம்.

இதை நான் என் நாத்தனாரிடம் சொன்னேன். என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் பேதியில் போனதும் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றித் தருவார். முன்வாசலில் யார் குரலாவது கேட்டால் ராட்டினத்தை நிறுத்திவிட்டு, அவர்கள் போகும்வரை மூச்சுவிடாமல் இருப்பார். அவர் நூல் சுற்றாமல், பேசாமல், கண்ணை மட்டும் அகல விரித்து நான் சொன்னதைக் கேட்டார். கடைசியில், "கடலுக்கு அக்கரை தெரியாதுன்றாங்களே, நெசமா?" என்றார். அவ்வளவுதான். அண்ணியும் வந்தால்தான் நான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டேன்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "அறுத்தவள இட்டுக்கினு ஊர் சுத்தப் போறீங்களா? நாலு பேர் இன்னா பேசுவாங்க?"

என் கணவர் சாதுவான மனிதர். யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசமாட்டார். "பொம்பளைங்க மட்டும் இருக்கற எடம்தாம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் புடவை மூட்டையைக் கட்டினார். செங்கல்பட்டில் ரயில் மாறி எழும்பூரில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை ஜட்கா பிடித்து மாளிகைக்குப் போனோம். அவர் வாசலுக்கு எதிரே புங்கமரத்து நிழலில் உட்கார்ந்துகொள்ள, நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

அப்படி ஒரு கட்டடத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கோயில் மதில்களைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் கோயில் மதில் நம்மை உள்ளே வா என்கிற மாதிரி இருக்கும். இது வெளியே நில் என்கிற மாதிரி இருந்தது. உள்ளே பெண்கள் இருபது பேர் இருந்திருப்பார்கள். பர்தா போட்ட முஸ்லிம் பெண்கள் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி ஒருவர் கண்ணாடிப் பெட்டிகளின்மேல் எழுதியிருந்ததை எல்லோருக்கும் படித்துச் சொன்னார். பாடம் செய்த புலியின் வயிற்றில் தையல் விட்டுப் பஞ்சு எட்டிப் பார்த்ததைக் கண்டு நான் சிரித்தேன். அண்ணி முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியபடி, பேசாமல் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

ஆயுதக் கூடத்துக்கு வந்ததும் நின்றார். சுவர் முழுக்கக் கத்திகள். உருவிய கத்தி, உறையிலிருக்கும் கத்தி, வளைந்த கத்தி, ஆள் உயரத்துக்கு ஒரு கத்தி. அண்ணி அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதருகே சொன்னார்:

"இவ்ளோ கத்தி வெச்சிக்கினு இருந்தவனும் செத்துத்தானே போனான்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகவே கூட்டி வந்தது சரி என்று தோன்றியது. முந்தானை தலையிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கக்கூட இல்லை. "வா, மாடத்துக்குப் போலாம்" என்று எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

மாடத்துக்கு ஏறும் படிக்கட்டு கூடத்தின் கோடியில் இருந்தது. நாங்கள் அதை நெருங்கும்போதுதான் வாசல்பக்கம் தடதடவென்று சத்தம். டவாலி போட்ட சேவகர் ஒருவர் உள்ளே ஓடி வந்தார். ஓர் ஆணைப் பார்த்ததும் முஸ்லிம் பெண்கள் அவசர அவசரமாகத் திரையை இறக்கினார்கள்.

"எல்லாம் பின்னால போங்கம்மா! துரை வர்றாரு, விருந்தாளிங்கள இட்டுக்கினு வர்றாரு. அவங்க போறவரிக்கும் பின்னால இருக்கற ரூம்ல இருங்க. ஊம், சீக்கிரம்!"

அவர் கைகாட்டிய அறையை எட்டிப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகளும் பழைய சாக்குகளும் போட்டு வைத்திருந்த இடம். ஜன்னல் கிடையாது. சில பெண்கள் பேசாமல் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். முஸ்லிம் அம்மாள் ஒருவர் மட்டும் திரைக்குள்ளிருந்தே கேட்டார்: "ஜனானா தினம்னு போர்டு போட்டிருக்குதே! ஆம்பளைங்க எப்படி உள்ள வரலாம்?"

"அவங்க துரைமாருங்கம்மா" என்றார் சேவகர். "ஆம்பளைங்கள்ல சேத்தி இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சேவகருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆட்டை ஓட்டுவதுபோல இரண்டு கையையும் விரித்து எங்களை நெருக்கினார். நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், மாடத்துப் படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க அண்ணி, போலீசு வந்துடப் போவுது."

"வரட்டும்."

"அண்ணி!"

"ஊட்லதான் பின்கட்டுல கெடக்கறேன். ரயிலேறி வந்தும் பின்கட்டுதானா?" அதை அவர் சத்தமாகச் சொன்னார். பிறகு சேவகரை நேராகப் பார்த்து, "இன்னிக்கு எங்க நாளு. அவங்க நாளைக்கு வரட்டும்" என்றார்.

பிற ஆண் முன்னால் தலைநிமிராதவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. மாமியார் முகம் கண்முன் வந்தது. சேவகர், அங்கே டிக்கெட் பார்க்கும் வேலையிலிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "இவள இழுத்து அந்தாண்ட விடு" என்றார். அந்தப் பெண் கிட்டே வந்தாள். அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். "நான் தொடமாட்டேன்பா" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். அதற்காகப் பிற்பாடு அவளுக்கு என்ன நேர்ந்ததோ, தெரியாது.

முதலில் அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் அந்த முஸ்லிம் அம்மாள்தான். அப்புறம் உபாத்தியாயினி. பின்னறைக்குப் போனவர்களில் நாலைந்து பேர் திரும்பி வந்தார்கள். சிலர் பயந்துபோய் வாசல்வழியே வெளியேறினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்தேன்.

சேவகர் போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக வந்த நம்மூர்க்காரர்தான். முதலில் நயமாகப் பேசினார். அப்புறம் மிரட்டினார்.

"நீங்கள்ளாம் காங்கிரஸா? ஜெயிலுக்குப் போகணும்னு ஆசையா?"

"நான் காங்கிரஸ் இல்லீங்க" என்றார் அண்ணி. "கடலப் பாக்க வந்தவ."

அதிகாரி அண்ணியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்களோட வந்த ஆம்பளை யாரு?" என்று கேட்டார். நான் வாசல்பக்கம் திரும்பாமல் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் எங்களை ஜட்காவிலிருந்து இறக்கிவிட்டவரைச் சேவகர் பார்த்திருக்கிறார். ஓடிப்போய் மரத்தடியிலிருந்து என் கணவரைக் கூட்டி வந்துவிட்டார். இனி எல்லாம் முடிந்தது, அவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு எங்களை அழைத்துப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கூடத்தின் நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றார். கையும் கூப்பினார்.

"உள்ள வாய்யா! வந்து இந்தம்மாவ எழுப்பு" என்றார் அதிகாரி.

என் கணவர் அக்காவைப் பார்த்தார். தலையில் முந்தானை இல்லாமல், படியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அக்காவை. பிறகு பவ்யமாகச் சொன்னார்:

"இன்னிக்குப் பொம்பளைங்க நாளுங்களே. நான் எப்படிங்க உள்ள வர்றது?"

கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. நிலைப்படியை மட்டும் அவர் தாண்டவே இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை நாளில் அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை பொங்கியதில்லை என்று எழுதினால் சிரிப்பீர்கள். எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அதற்குள் மோட்டார் சத்தம் கேட்டுவிட்டது. துரையும், கூட இரண்டு வெள்ளைக்காரர்களும், தொப்பி வைத்த துரைசானிகளும் உள்ளே வந்தார்கள். எழுந்திருக்க வேண்டும்போல என் முழங்கால் தானாகத் துடித்தது. பக்கத்திலிருந்த முஸ்லிம் அம்மாளின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அதிகாரி இங்கிலீஷில் ஏதோ குழைந்து சொன்னார். உபாத்தியாயினி எங்களிடம் கிசுகிசுத்தார்: "வெயில்ல மயக்கம் வந்து உக்காந்திருக்காங்கன்னு பொய் சொல்றாரு."

"மயக்கமா? எனக்கா?" என்றார் அண்ணி. "நீ எந்திரிச்சி நெசத்தச் சொல்லும்மா."

உபாத்தியாயினி எழுந்தார். துரைக்கு மரியாதை காட்ட அல்ல, பேசுவதற்காக. இங்கிலீஷில் நாலே வாக்கியம் பேசியிருப்பார். முதல் வாக்கியத்தில் குரல் கம்மியிருந்தது. கடைசி வாக்கியம் கூடத்தில் எதிரொலித்தது. அதிகாரியின் முகம் செத்துவிட்டது. துரை எங்களைப் பார்த்த பார்வை பாடம் செய்த மிருகங்களைப் பார்க்கிற பார்வைதான். அதில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துரைசானிகளிடம் ஏதோ சொன்னார். எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டார் அண்ணி.

"இன்னொரு நாள் வந்தாப் போச்சுன்னாரு."

"நானும் அதத்தானே சொன்னேன்!"

கூடமே அதிரச் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு நாங்கள் கடலைப் பார்க்கவில்லை. படியேறிப் போனபோது மாடத்துக் கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டுத் தொங்கியது. மாடம் ரிப்பேர் என்று கீழேயிருந்து அதிகாரி கத்தினார். அண்ணி பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொங்கவிட்டார். இறங்கி வந்து அவரிடமே கேட்டார்: "அடுத்த மாசமும் பொம்பளைங்க நாள் வரும் இல்ல?"

விஷயம் எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. பங்காளிகளில் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்து, குடும்ப மானம் என்று ஆரம்பித்தார்கள். மாமியார் அழுதார். என் கணவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். பின்கட்டிலிருந்து அண்ணி வந்தார், இடுப்பில் ராட்டினத்தோடு. தறிக்குப் பக்கத்தில், அந்தப் பெரியவர்களுக்கு எதிரிலேயே அதை வைத்து உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்தார்.

"உள்ள போம்மா, ஆம்பளைங்க பேசிக்கினு இருக்கறோம் இல்ல?" என்றார் ஒருவர்.

"பேசுங்க. உள்ள வெளிச்சம் போறல, நூல் அறுந்துபோவுது" என்றார் அண்ணி. அதற்குப் பிறகு அவர் ராட்டினம் பின்கட்டுக்குப் போகவே இல்லை. பெரியவர்கள் இருவரும் வெகுநாள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாமியாரும் எங்களிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது.

அடுத்த மாதம் அதே நாளில் மூவரும் மறுபடி ரயிலேறினோம். வாசலில் அதே சேவகர். எங்களைப் பார்த்ததும், "வந்துட்டீங்களாம்மா?" என்று முனகிக்கொண்டே வழிவிட்டார். உள்ளே முஸ்லிம் அம்மாள் தம் தங்கைகளையும் அழைத்து வந்திருந்தார். மாடத்துக் கதவு திறந்திருந்தது. மேலே காற்று புடவையைப் பிய்த்தது. வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் அப்பால் நீலமாக, நீளமாக, அக்கரையே இல்லாமல் கிடந்தது கடல். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்வாரோ என்று நான் முகத்தைப் பார்த்தேன்.

"இதுக்கா அவ்ளோ பெரிய பூட்டு?" என்றார்.

இத்தனை வருஷத்தில் வரிசையிலும், ஆபீஸிலும், கல்யாணப் பந்தியிலும் எத்தனையோ பேர் என்னிடம் "கொஞ்சம் பின்னால போம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போதும் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் பயத்தோடேயே உட்கார்ந்திருக்க முடியும் என்று தெரிந்துபோனதால், ஏன் என்று கேட்டுப் பதில் வாங்காமல் என் கால் ஓர் அடிகூடப் பின்னால் நகர்வதில்லை.