சொறிக்குப் போட்ட ஆயில்

இப்போதும் கம்பெனி லைனில் மெஷின் சூடேறி ஆயில் வாடை கிளம்பினால் என் மணிக்கட்டில் ஈரமாக ஒரு நாக்கு படும். துடைத்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. வியர்வை என்பான் பக்கத்தில் நிற்பவன். வியர்வைக்கும் நாய் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்.

எங்கள் நாய் லேப் கிராஸ். வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒன்று உண்டு. அப்பன் ஏதோ பங்களா வீட்டு லேப்ரடார், அம்மா தெரு நாய். அப்பனிடமிருந்து அடங்காத பசியும், யாரைக் கண்டாலும் வாலாட்டும் குணமும். அம்மாவிடமிருந்து பாதி நிமிர்ந்த காது. திருடன் வந்தால் செருப்பைக் கவ்விக் கொடுத்து வழியனுப்புவான் என்று மனைவி கிண்டல் செய்வாள். பெயர் வைப்பதில் எங்கள் சண்டை கடைசிவரை தீரவில்லை. ‘டேய்’ என்றால் வருவான். பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை.

முடி வருஷம் முழுக்கக் கொட்டும். ஞாயிறுதோறும் மனைவி சீவிவிடுவாள், காதைத் துடைப்பாள், உண்ணி பார்ப்பாள். மழைக்காலத்தில் அந்த அடர்ந்த முடிக்குள் ஈரம் தங்கிவிடும். போன மழையில் வாலடியில் சொறி வந்து, கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான். டாக்டரிடம் போகலாம் என்றாள் அவள். எனக்கு ஓ.டி. வேலை இருந்தது. லைனில் சொன்னேன். ஆளாளுக்கு வைத்தியர். பழைய மெஷின் ஆயிலைத் தடவு, மூன்றே நாளில் போய்விடும் என்றார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஒரு உயிரே போதுமாயிருந்தது.

தண்ணீர் பாட்டிலில் ஆயிலை ஊற்றி, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து வெளியே கொண்டுவந்தேன். கேட் பாஸ் இல்லாமல் ஒரு நட்டு எடுத்துப் போனாலும் மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாது. நான் அப்போது காண்டிராக்ட் ஆள். அந்த மாதம் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது.

மனைவிக்கு அந்த வாரம் அவள் கம்பெனியில் காலை ஷிப்ட், எனக்கு மதிய ஷிப்ட். காலையில் வீட்டில் நானும் அவனும்தான். மூன்று நாள் தடவினேன். எரிந்திருக்கும். அசையாமல் நின்று என் மணிக்கட்டை நக்கினான். கறுப்பு நாய், கறை மனைவி கண்ணுக்குத் தெரியவில்லை. வாடை என் சட்டையில் எப்போதும் இருப்பதுதான். தடவிய இடத்தை அவன் நக்குவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாய் வளர்க்கிறவனுக்கு அதுகூடவா தோன்றாது? தோன்றவில்லை.

நான்காம் நாள் வாந்தி எடுத்தான். ஐந்தாம் நாள் எழுந்து நிற்கவில்லை. பயத்தில் ஆயிலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இருவரும் லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூருக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் அறை முழுக்கக் கூட்டம். எதிர் பெஞ்சில் எங்கள் லைன் சூப்பர்வைசர், மடியில் துண்டு சுற்றிய பழுப்பு நாயோடு உட்கார்ந்திருந்தார்.

“மேல ஏதாவது தடவினீங்களா? மறைக்காம சொல்லுங்க” என்றார் டாக்டர்.

சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் தடவல சார்” என்றேன்.

உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று ஊசி போட்டு அனுப்பினார். மறுநாள் மதியம் மனைவியின் மடியிலேயே போய்விட்டான். ஏரிக்கரையில் புதைத்தோம். மாதக் கடைசியில் எனக்குப் பர்மனென்ட் ஆனது. மனைவி தெருவில் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து கேன்டீனில் சூப்பர்வைசர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இறந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் சாப்பிட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“என்னுதும் அன்னிக்கே போயிருக்கும்பா. சொறிக்கு நம்ம லைன் ஆயிலத்தான் எடுத்தும்போய் தடவிட்டேன். நீ எதுர்ல ஒக்காந்துகினு இருந்தியா, எங்க மாட்டி வுட்ருவியோன்னு ஒரே பயம். அப்பறம் அது மூஞ்சியப் பாத்தேன். நீ கெளம்புனதும் டாக்டராண்ட சொல்லிட்டேன். டிரிப்ஸ் ஏத்துனாரு, பொழச்சிக்கிச்சு.”

அவர் தட்டைக் கழுவப் போனார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருவிலிருந்து ஒரு லேப் கிராஸ் குட்டியைக் கொண்டுவந்து, வளர்க்கிறீர்களா என்று கேட்டார்கள். மனைவி அதைத் தொடவே இல்லை. அவர்கள் போனபின் கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

“நான்தான் உண்ணிய ஒழுங்கா பாக்கல. ஒண்ணே ஒண்ண வுட்டுட்டேன் போல. இந்த வூட்ல இன்னொண்ணு சாவ வேணாம்.”

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“உன் மேல தப்பு இல்ல” என்றேன். அவ்வளவு மட்டும்தான் சொன்னேன்.