ஆனைக்கல் மடுவின் காவல்

சோற்றில் பாதியைத் தின்றதும் கந்தப்பன் எழுந்து மடுவின் கரைக்குப் போனார். மீதியைச் சிறு உருண்டைகளாகப் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டினார். மடுவின் நடுவில் கிடந்த ஆனைக்கல்லின் அடியிலிருந்து கெண்டைகள் மேலே வந்தன. முழங்கை நீளம், ஒவ்வொரு செதிலும் ஒரு ரூபாய்க் காசளவு. எல்லாவற்றிலும் பெரியது அவர் விரலையே முட்டியது.

"இருடி, ஒனக்குத்தான மொதல்ல குடுத்தேன்" என்று அதட்டினார்.

1978இல் நோர்வூட் தபால் கந்தோருக்கு நான் வேலைக்கு வந்த புதிதில் அவரை அப்படித்தான் முதலில் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர் வாச்சர். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கும் தொழிற்சாலைக்கும் ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயின் வாயில் சருகு அடைக்காமல் பார்ப்பது வேலை. மழைக்கு உரச்சாக்கைத் தலையோடு கொங்காணி போட்டுக்கொள்வார். நாளெல்லாம் ஆற்றிரைச்சலில் இருந்து பழகியவர் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளும் உரக்கத்தான் பேசுவார். பேசத்தான் அங்கே ஆளில்லை.

மகன் இந்தியாவுக்கே போய்விட எழுதிக் கொடுத்தபோது மனைவி நாகலெட்சுமியின் பெயர் அவன் விண்ணப்பத்தில் சேர்ந்துவிட்டது. கந்தப்பனின் பெயர் இங்கேயே நின்றுவிட்டது. தலைமன்னார் வரை போய்க் கப்பலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்பினார். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

"அங்கிட்டு ரெண்டு பேரப்புள்ளைங்களாம். எனக்கு இங்க பத்தொம்பது இருக்குங்க" என்றார் ஒருநாள், மடுவைக் காட்டி.

கீழே அணை கட்டிய பிறகு ஆற்றில் வேறெங்கும் அந்தக் கெண்டையை யாரும் கண்டதில்லை. ஆற்றோரச் சிங்களக் கிராமத்தார்கூட, 'லேஹெல்லா' என்று அதன் பெயரைச் சொல்லிப் பார்க்க வருவார்கள்.

மறு வருஷம் தோட்டத்தை நடத்தும் துரையின் விருந்தாளிகள் கொழும்பிலிருந்து ஞாயிறுதோறும் ஜீப்பில் வரத் தொடங்கினார்கள். மடுவில் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள். தூக்கிப் பிடித்துப் படமெடுப்பார்கள். மீனைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள்.

கந்தப்பன் பங்களாவின் பின்வாசலில் போய் நின்றார். "தொரைங்களே, இது இங்கன மட்டுந்தாங்க மிஞ்சியிருக்கு. திங்கிறதுக்குப் புடிச்சாலும் பரவாயில்லீங்க."

துரை சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெரிய கெண்டை மாட்டியது. விருந்தாளி தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டிருக்கையில் கந்தப்பன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் நரம்பை அறுத்தார். மீன் உதட்டில் முள்ளோடு கல்லுக்கடியில் போய்விட்டது.

மறுநாள் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லோர் முன்னாலும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சின்னத்தம்பி உத்தரவைச் சொன்னார். வாச்சர் வேலை போயிற்று. இனிப் புல்லுவெட்டு. ஆட்கள் மலைக்கு ஏறியபின் கண்டாக்கு அவரைத் தனியே கூப்பிட்டார். கோபமாகக் கூடப் பேசவில்லை.

"ஒன்னாலதான் அவங்களுக்கு லேசாப் போச்சு கந்தப்பா. சோறு போட்டுப் பழக்கிட்ட. ஆள் நெழலக் கண்டாலே ஓடி வருதுங்க. அந்த ஆளுங்க தூண்டிலப் போட்டுட்டுக் காத்திருக்கக்கூட வேண்டியதில்ல."

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. மாலையில் தபால் கந்தோர் வாசலில் வந்து உட்கார்ந்தார். கடிதம் எதுவும் வரவில்லை என்றேன். அதற்காக வரவில்லை என்று தலையசைத்தார். "நாந்தாங்க காட்டிக் குடுத்திருக்கேன்" என்றார். அவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து கரையில் நின்று மீன்களைக் கல்லால் அடிக்கத் தொடங்கினார். கிழவருக்குப் பைத்தியம் என்றது லயம். இரண்டு மாதத்தில் ஆள் நிழல் விழுந்தாலே மடு வெறிச்சோடியது. விருந்தாளிகள் நாலைந்து ஞாயிறு வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு வரவில்லை.

இரண்டு வருஷமாகியும் சனிக்கிழமை தவறாமல் அவர் போகிறார். போன வாரம் நானும் கூடப் போனேன். மடுவில் ஒன்பது மிஞ்சியிருக்கிறதாம். எங்களைக் கண்டதும் எல்லாம் கல்லுக்கடியில் மறைந்தன. ஒன்று மட்டும் திரும்பி வந்தது. உதட்டில் முள் துருவேறிக் கிடந்தது. கரையோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"இது ஒண்ணுதாங்க சொன்னா கேக்க மாட்டேங்குது."

குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அதன் விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார், கூராக இருந்தது. அதைப் போட்டுவிட்டு, உருண்டையான ஒன்றைத் தேடியெடுத்து எறிந்தார்.