கண்ணாடியில் வெள்ளிக் கோடு

இது நடந்தது. இருட்டில் அல்ல, பட்டப்பகலில். சிவகாசி பஜாரில் தார் ரோடு இளகிக்கிடந்த ஒரு மத்தியானத்தில். கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் நசிமாவின் கடைக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். அவள் வாய் திறக்கமாட்டாள். கையிலிருக்கும் துணியை மட்டும் மெல்லக் கீழே வைத்துவிடுவாள்.

நசிமா ஃபோன் ரிப்பேர் செய்கிறவள். அன்று வெள்ளிக்கிழமை. தம்பி தவுபிக் ஜும்மாவுக்குப் போயிருந்தான். அக்கம்பக்கத்துக் கடைகளில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கரண்ட் இல்லை. மணி பன்னிரண்டு ஐம்பது.

இடுப்பில் பெண்குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றாள். பெயர் வள்ளித்தாய், ஆமத்தூர்ப் பக்கம் என்றாள். ஒரு ஃபோனை மேசையில் வைத்தாள்.

"அக்கா, இந்தப் பூட்ட எடுத்துத் தருவீகளா?"

"யாரு ஃபோனும்மா?"

"எங்க வீட்டுக்காரரு முனியராஜோடது."

"அப்ப அவரையே வரச் சொல்லு. அடுத்தவுக பூட்ட நாங்க தொறக்கப்பிடாது."

வள்ளித்தாய் ஃபோனை இன்னும் முன்னால் தள்ளினாள். நசிமா ஃபோனைத் திருப்பினாள். பின்பக்கம் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. பட்டாசுக் கம்பெனி கேட்டில் ஒட்டுகிற நம்பர். உள்ளே ஃபோன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும். எல்லோரும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். போன வாரம் ஒரு கம்பெனியில் வெடித்தபோது, கேட்டிலிருந்த மரப்பெட்டிக்குள் ஃபோன்கள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே இருந்தனவாம். எடுக்கத்தான் ஆளில்லை.

நசிமா ஏறிட்டுப் பார்த்தாள். வள்ளித்தாயின் நெற்றி வெறுமையாக இருந்தது.

"உக்காரும்மா" என்றாள்.

பெட்டியில் கிடந்த ஃபோன்களில் அதுவும் ஒன்று.

"கைரேகை வச்சிருந்தாரா?"

"அவுக ரேகை ரேஷன் கடை மிசினுலயே விளாதுக்கா. பட்டாசு மருந்து தின்னுபோட்ட விரலு. கோடுதான் இளுப்பாக."

திரையில் ஒன்பது புள்ளிகள்; சரியான வரிசையில் கோடிழுத்துச் சேர்த்தால்தான் பூட்டு திறக்கும். கீழே ஒரு எச்சரிக்கை. வள்ளித்தாய் வீட்டிலேயே பலமுறை இழுத்துப் பார்த்திருக்கிறாள். இன்னும் ஒரு முறை தவறினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

"எல்லாத்தையும் அளிச்சுட்டு வேணா தொறந்து தரவா? ஃபோனு பொளைச்சுக்கிரும்."

"அய்யோ, வேணாங்கா! உள்ளதான் கதை இருக்கு."

"என்ன கதை?"

"பாப்பாவுக்குச் சொல்ற நரிக்கதை. சொல்ல ஆரம்பிச்சா அவுகதான் மொதல்ல தூங்குவாக. இன்னைக்காவது நரி கெணத்தவிட்டு ஏறுமான்னு நான் கேலி பண்ணுவேன். ரோசம் வந்து ஒரு நா முளுசா பேசிப் பதிஞ்சு வச்சாக. தெனமும் அதக் கேட்டாத்தான் ஓவியா தூங்கும்." அவள் குழந்தையின் தலையைத் தடவினாள். "அன்னைலருந்து தூங்கலக்கா. கண்ணு அசந்தாலே அலறுது."

ஓவியா நசிமாவைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் இமைக்காமல்...

நசிமா ஃபோன் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்தாள். தினமும் ஒரே கோட்டை இழுக்கிற விரல் கண்ணாடியில் தடம் விட்டுப்போகும். சாய்த்துப் பார்த்தே பல பூட்டுகளைக் கண்டுபிடித்திருக்கிறாள். இதில் ஒன்றுமில்லை. சுத்தம்.

"தொடச்சிட்டியாம்மா?"

வள்ளித்தாய் தலை குனிந்தாள். "அவுக தொட்டதெல்லாம் வெள்ளி கணக்கா பொடி ஒட்டும். செம்பு, கதவு, பாப்பா கன்னம். அடுப்பெரியிற வீடுல்ல... பயந்து பயந்து தொடைப்பேன். கேட்டுலருந்து ஃபோனக் கொண்டாந்து குடுத்ததும் பளக்கத்துல... நானே தொடச்சுட்டேங்கா."

தெருவில் ஒரு வண்டிகூட இல்லை.

நசிமா கண்ணாடியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். பழக்கம்தான். ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, குழந்தைக்குத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள்.

சர்...

தீக்குச்சி பற்றாமல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

திரும்பினாள். கண்ணாடியில் ஒரு கோடு. சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறத்தில், விரல் அகலத்தில். இரண்டு புள்ளிகளைத் தொட்டு நின்றிருந்தது.

"தொட்டியாம்மா?"

"இல்லக்கா."

அவள் கைகள் குழந்தையைச் சுற்றியிருந்தன. துணியில் இருந்த அழுக்காக இருக்கும். நசிமா புதுத் துணி எடுத்து அழுத்தித் துடைத்தாள். ஃபோனைக் கீழே வைத்தாள்.

இந்த முறை திரும்பவில்லை.

சர்... சர்...

அவள் கண்ணெதிரே பொடி விழுந்தது. மேலிருந்து அல்ல. கண்ணாடிக்குள்ளிருந்து ஊறுவதுபோல... ஒரு புள்ளி. அடுத்தது. கோடு வளைந்தது. ஏறியது. குறுக்கே போனது. நின்றது.

வள்ளித்தாய் தரையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை.

ஓவியா பார்த்தது.

கோடு முழுசாக இருந்தது. ஆனால் எந்த முனையில் தொடங்குவது? கீழா, மேலா? கோட்டைப் பார்த்தால் தெரியாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு முறை. அது தவறினால் நரி கிணற்றுக்குள்ளேயே கிடக்கும்.

நசிமா ஃபோன்மேல் குனிந்தாள். வாய்க்குள் கேட்டாள். "எந்தப் பக்கம்...?"

சத்தமில்லை.

பிறகு... கீழ் முனைப் புள்ளி தடித்தது.

யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல.

நசிமா அதன்மேல் விரலை வைத்தாள். கண்ணாடி சுட்டது. இழுத்தாள். அவள் இழுத்த மாதிரியே இல்லை. விரல் போனது.

பூட்டு திறந்தது.

"ஒரு ஊருல ஒரு நரி இருந்துச்சாம்..." தூக்கம் வழிகிற ஆண்குரல். வள்ளித்தாய் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். நரி கிணற்றிலிருந்து ஏறுவதற்குள் ஓவியா தூங்கிவிட்டது.

நசிமா பூட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை. அவர்கள் போனபிறகு கையைக் கழுவினாள். விரல் நுனியில் இருந்த வெள்ளி போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வள்ளித்தாய் வந்தாள். ஃபோனுக்கு ஒரு கவர் வாங்க. முகம் தெளிந்திருந்தது. தோளில் ஓவியா நல்ல தூக்கத்தில்.

"தூங்குதா இப்ப?"

"நல்லாத் தூங்குதுக்கா."

குழந்தையின் கன்னத்தில் ஏதோ மினுங்கியது. கடையில் ஒட்டிய தூசி என்று நினைத்து நசிமா துணியை எடுத்தாள். கிட்டப் போனாள். நான்கு விரல்களின் தடம். பெரிய விரல்கள். தட்டித் தூங்கவைக்கிற மாதிரி...

வள்ளித்தாய் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"தொடச்சிராதீகக்கா."

"என்னம்மா இது?"

"அவுகள எடுத்துட்டுப் போறப்ப வலது கை இல்லக்கா." அவள் குரல் தணிந்தது, குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்பதுபோல. "காடு மேடெல்லாம் தேடுனாக. கெடைக்கவே இல்ல."

குழந்தையின் முதுகை மெல்லத் தட்டினாள்.

"போன வெள்ளியிலருந்துதான் வீட்டுக்கு வருது."