கார் ஷெட்டில் ஒரு குதிரை

முகத்தில் முல்தானி மட்டி பூசிய பெண்ணை நாற்காலியில் சாய்த்து, மூடிய கண்களின் மேல் இரண்டு வெள்ளரி வட்டங்களை வைத்து, "பத்து நிமிஷம் அசையாத மேன்" என்று சொல்லிவிட்டு, மீதி வெள்ளரிக்காயோடு மௌரீன் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிடுகிறார். அந்தப் பத்து நிமிடம் சில நாள் அரைமணியாகும். மட்டி காய்ந்து இறுகி, வாய் திறக்க முடியாமல் படுத்திருக்கும் வாடிக்கையாளருக்கு அவர் எங்கே போயிருக்கிறார் என்று தெரியும். பெங்களூர் காக்ஸ் டவுனில் இப்போது எல்லோருக்குமே தெரியும்.

மௌரீனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அப்பா விட்டுப்போன பழைய வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறார். புருவம் திருத்தும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டே தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் பேசுவார். ஆண், பெண், பாதிரியார், பால்காரர், மேல் போர்ஷனில் குடியிருக்கும் நான் எல்லோரும் அவருக்கு 'மேன்'தான். கார் ஷெட்டில் நிற்பது பெண் குதிரை. அதுவும் 'மேன்'.

வேறு பெயர் வைக்கலாமே என்றபோது மறுத்துவிட்டார். "யாராச்சும் ஒரு பேரு வெச்சிருப்பாங்கல்ல? நமக்குத் தெரியல, அவ்ளோதான். அதும் மேல நாம வேற ஒண்ணு ஒட்டணுமா?"

போன ஆகஸ்ட் மழையில், காலைப் பூசைக்குப் போகும் வழியில் அதைப் பார்த்திருக்கிறார். ரயில் பாதையோரம் குப்பை மேட்டருகே, கழுத்தில் அறுந்த கயிற்றோடு நின்றிருந்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். குளம்புகள் வெட்டாமல் வளர்ந்து முன்பக்கம் வளைந்திருந்தன. மாலையிலும் அங்கேயே நின்றது. மறுநாளும் நின்றது. சிவாஜி நகரில் குதிரை வண்டிக்காரர்களிடம் விசாரித்தார். யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், சொந்தக்காரன் வரும்வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சொந்தக்காரன் வரவேயில்லை. ஒரு கட்டு முள்ளங்கிக் கீரையைக் காட்டிக் காட்டி, இரண்டு தெரு தூரத்தை ஒரு முழு முற்பகல் நடத்தி அதை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அவர் கணவர் டெஸ்மண்டுக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. அன்று மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர், தன் பழைய பியட் கார் தெருவில் நனைந்துகொண்டிருப்பதையும் ஷெட்டில் குதிரை நிற்பதையும் பார்த்தார். "நானும் வெளியதான் நிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பழைய கதை என்னவென்று பார்லரில் பெரிய விவாதமே நடந்தது. ரேஸில் ஓடித் தோற்ற குதிரை, காலைப் பார்த்தாலே தெரிகிறது என்றார் ஒருவர். கல்யாண ஊர்வலக் குதிரை என்றார் இன்னொருவர். கல் ஏற்றும் வண்டியில் பூட்டியிருப்பார்கள் என்று காய்கறிக்காரர் முதுகுப் புண்ணைக் காட்டினார். உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். கையில் நீளமாக எதை எடுத்துக்கொண்டு போனாலும் அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அதனால் அந்த மழைக்காலம் முழுக்க, பார்லருக்கு வருகிறவர்கள் குடையை வெளிக் கேட்டிலேயே மாட்டிவிட்டுத் தலை நனைய உள்ளே ஓடினார்கள். மௌரீன் இந்த விவாதம் எதிலும் சேரவில்லை. "எங்கேர்ந்து வந்தேன்னு கேட்டா அவ சொல்லவா போறா? கேரட் வேணுமான்னு கேட்டா சொல்றா."

முதுகுப் புண் ஆறியது. குளம்பைச் சீராக்கினார்கள். விலா எலும்புகள் மெல்ல மறைந்தன. ஆனால் முன்னங்கால்களில், குளம்புக்கு மேலே மூட்டு மடங்கும் இடத்தில், புதிது புதிதாகக் காயம் வந்துகொண்டேயிருந்தது. கால்நடை டாக்டர் சேஷகிரி ஒரு நாள் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்க அது படுத்தாக வேண்டும். இது படுப்பதேயில்லை. தூக்கம் தாங்காமல் நின்றபடியே கால் மடங்கி விழுகிறது. விழுந்த வேகத்தில் பதறி எழுந்துவிடுகிறது.

"பயம் மேடம். படுத்தா யாரோ அடிச்சி எழுப்புவாங்கன்னு நெனக்குது. கூட்டத்துல இருந்தா ஒண்ணு நின்னு காவல் பாக்கும், மத்தது படுக்கும். இதுக்கு யாரு இருக்காங்க?"

கிறிஸ்துமஸ் வரை பார்க்கலாம், அதற்குள் படுக்கவில்லையென்றால் மூட்டு அழுகிவிடும், அப்புறம் வலியில்லாமல் அனுப்பிவைப்பதுதான் நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே மௌரீன் ஷெட்டில் வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார். பார்லரிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி, கேட்டைப் பார்த்து உட்கார்ந்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அதுதான் அவர் இடம். குதிரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனோடு பேசுவதுமில்லை. கேட் பக்கம் நாய் வந்தால் எழுந்து நிற்பார், போனதும் உட்காருவார். மௌரீனுக்குக் கை நிறைய வேலை இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் டெஸ்மண்ட் பேப்பரோடு அந்த ஸ்டூலுக்கு வந்தார். "ரிட்டயர் ஆனப்புறம் வாட்ச்மேன் வேலைக்குப் போகணும்னு பயந்தேன். முன்னாடியே வந்துடுச்சு" என்று என்னிடம் முனகினார். ஆனால் முனகலைக்கூடத் தணிந்த குரலில்தான் முனகினார்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. குதிரை படுக்கவில்லை. சேஷகிரி வந்து காயத்தைப் பார்த்தார். மௌரீன் ஒரு தட்டு நிறைய அச்சு முறுக்கும் கேக்கும் வைத்து அவர் முன்னால் நின்றார். "இன்னும் ஸ்வல்ப நாள் டாக்டர்" என்றார். அந்தக் குரலில் பார்லர் அதட்டல் எதுவும் இல்லை. டாக்டர் புதிதாகக் கட்டுப்போட்டுவிட்டு, பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னார்.

போன சனிக்கிழமை மதியம், காய்ந்த துணியை எடுக்க பால்கனிக்குப் போன நான் கீழே பார்த்தேன். குதிரை பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கழுத்து நீண்டு வைக்கோலில் சரிந்திருந்தது, கால்கள் விறைத்தாற்போல் நீட்டிக்கொண்டிருந்தன. துணியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி ஓடினேன்.

மௌரீன் ஸ்டூலில் கேட்டைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பாமலே சொன்னார்.

"குறட்டை விடுறா. கேளுங்க."

கேட்டேன். தடித்த, ஈரமான, நிதானமான குறட்டை. வயிறு ஏறி இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கால்கள் காற்றில் உதைத்துக்கொண்டன, உதடு துடித்தது.

"கனவுல ஓடுது. எங்கேயோ" என்றேன்.

"எங்க வேணா ஓடட்டும் மேன். எந்திரிச்சா இங்கதான இருப்பா."

அப்போது தெருமுனையில் ஆட்டோ ஒன்று திரும்பியது. மாலை ரிசப்ஷனுக்கு அலங்காரம் செய்துகொள்ள வந்த கல்யாணப் பெண், மடி நிறையப் பூவும் பக்கத்தில் அம்மாவுமாக உட்கார்ந்திருந்தாள். மௌரீன் செருப்பைக் கழற்றிவிட்டு, சரளைக்கல்லின் மேல் வெறுங்காலோடு ஓடி, கேட்டுக்கு வெளியே ஆட்டோவை மறித்தார். இன்ஜினை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அணைத்தார் டிரைவர். ஆனால் கேட்டைத் திறக்காமல் இந்த அம்மா ஏன் நிற்கிறார் என்று புரியாமல், ஹாரனின் ரப்பர் பந்துக்குக் கையைக் கொண்டுபோனார். மௌரீன் ஒரு எட்டில் முன்னால் வந்து, ஹாரனின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.