சி டிரைவில் படியில் தொங்கியவர்கள்

ரைட்டக்காவின் தொண்டை மதியத்தோடு கடையைச் சாத்திவிட்டது. ஆனால் பாடம் முடிந்திருந்தது. கடைசி வரியைப் படித்துப் பதிவை நிறுத்தினாள். ‘சேமி’யை அழுத்திவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கியவள், பாதி உயரத்தில் சொம்போடு அப்படியே நின்றாள். திரையில் ஒரு பெட்டி குதித்திருந்தது. சி டிரைவில் இடமில்லையாம். சேமிக்க முடியாதாம்.

“இடமில்லன்னு யார்கிட்ட சொல்ற?” என்றாள் கம்ப்யூட்டரிடம். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

அவளிடம் போய் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. முழங்கால் மக்கர் பண்ணும்வரை பஸ் கண்டக்டராக இருந்தவள் அவள். எள் விழ இடமில்லாத பஸ்ஸில் ஒரு கால்பந்துக் குழுவையும் அவர்கள் ஜெயித்த கோப்பையையும் ஏற்றிக்காட்டியவள். வேலையை விட்டாளே தவிர, வேலை அவளை விடவில்லை. அடுப்புப் பற்றினால் ‘ரைட்’, வாசல் கதவு பூட்டினால் ‘ரைட்’. தெருவே அவளை ரைட்டக்கா ஆக்கிவிட்டது. தண்ணி மோட்டார் ரிப்பேர் பார்க்கும் அவள் புருஷன் மட்டும் அதில் ‘அக்கா’வைக் கழற்றி வைத்துவிட்டு ‘ரைட்டு’ என்று கூப்பிடுவார்.

பாடம் முன்சீட்டுக்கு. அவள் சட்டம் படிக்கும் பெண், கண் தெரியாது. தினமும் ரைட்டக்காவின் பஸ்ஸில் முன் சீட்டில்தான் உட்காருவாள், அதனால் அந்தப் பெயர். அவளுக்காகவே ஒவ்வொரு நிறுத்தத்தையும் ரைட்டக்கா உரக்கக் கூவுவாள். ரைட்டக்கா வேலையை விட்ட வாரமே முன்சீட்டு வீட்டைத் தேடி வந்துவிட்டாள். “இந்தப் பழைய புஸ்தகத்தை போன் படிச்சா பாதி எழுத்தைக் கடிச்சுத் துப்புதுக்கா. உங்க குரல்ல கேட்டா எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்” என்றாள். அன்றிலிருந்து ரைட்டக்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். சட்டப் பிரிவுகளை நிறுத்தம் மாதிரியே கூவுவாள். உட்பிரிவு வந்தால் லேசாக பிரேக் போடுவாள்.

முன்சீட்டுக்கு நாளைக் காலை பரீட்சை. இன்று படித்தது கடைசிப் பாடம். அது இன்னும் சேமிக்கப்படாமல் திரையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரை மூடினால் போச்சு. திரும்பப் படிக்கவோ தொண்டை இல்லை.

புருஷன் கை நிறைய கிரீஸோடு எட்டிப் பார்த்தார். “என்ன ரைட்டு, நின்னுட்ட? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாயிடும்.”

“கிட்ட வந்தீங்க, உங்களையே ஆஃப் பண்ணிடுவேன்” என்றாள் காற்றுக்குரலில்.

“சரி, சரி. குப்பைத்தொட்டியைக் காலி பண்ணிப் பாரேன்.”

திறந்தாள். அது துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவள் பிசகிய பதிவுகளைக் குப்பையில் போடுவதும், அவர் பிறகு உட்கார்ந்து குப்பையைக் காலி செய்வதும் அந்த வீட்டு வேலைப் பங்கீடு.

“பாத்தியா? என் வேலை எப்பவும் சுத்தம்” என்றார். சொல்லும்போது என்னவோ சுவரைப் பார்த்துக்கொண்டார்.

ரைட்டக்கா முந்தானையைச் செருகினாள். அவள் கணக்கு இதுதான்: சி என்பது பீரோ. டெஸ்க்டாப் என்றால் மேசை. பீரோவில் இருப்பதை எடுத்து மேசைமேல் வைத்தால் பீரோ காலியாகும். இதில் மோட்டார்க்காரருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தங்கை வீட்டுப் படங்கள், தையல் வீடியோக்கள், பழைய பாடங்கள் என்று எல்லாவற்றையும் இழுத்து இழுத்து டெஸ்க்டாப்பில் வைத்தாள். திரையிலிருந்த மலை முதலில் மறைந்தது, பிறகு வானமும் மறைந்தது. மேசை நிரம்பி வழிந்தது.

சி-யின் சிவப்புக் கோடு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“ஒருத்தன்கூட எறங்கலையே!” நாற்காலியில் சாய்ந்து நெரிசலைப் பார்த்தாள். ஒட்டி ஒட்டி, விளிம்புவரை பிதுங்கிக்கொண்டு நின்றன படங்கள். எங்கேயோ பார்த்த கூட்டம். எங்கேயோ என்ன, தினம் பார்த்த கூட்டம்தான்!

மேசையைத் தட்டினாள். “ஏங்க! இது மேசை இல்லீங்க, படிக்கட்டு! பின்வாசல்ல எறங்கினவன் எல்லாம் முன்வாசல் படியில ஏறித் தொங்கறான். படியில தொங்கறவனும் இதே பஸ்லதானே போறான்? டெஸ்க்டாப்பும் சி-தாங்க!”

“அடேங்கப்பா, ஒரு பொழுது பூரா பஸ்ஸை நிறுத்தி வெச்சு முன்னாடி பின்னாடி மாத்தி ஏத்திருக்க!”

“நீங்களும்தானே பக்கத்துல நின்னு தலையாட்டினீங்க?” சிவப்புக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு வெறிச்சென்று கிடந்தது. “இந்த டி எதுக்கு இருக்கு?”

“அத தொடாத. கம்பெனிக்காரன் அவன் சாமானுக்கு வெச்சிருப்பான்.”

வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். ரைட்டக்கா திறந்தாள். கம்பெனிக்காரனும் இல்லை, அவன் சாமானும் இல்லை. கடைசி வண்டி மாதிரி காலி.

அவள் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம் அவளைத் தேடிக்கொண்டு வந்தது. “பின்னாடி காலியா இருக்கு, உள்ள போ, உள்ள போ!”

தங்கை வீடு டி-க்குப் போனது. தையல் போனது. பழைய பாடங்களும் போயின. சிவப்பு கொஞ்சம் இளைத்தது. சேமித்துப் பார்த்தாள். அதே பெட்டி மறுபடி குதித்தது.

“பையைத்தான் எறக்கிருக்கேன். குண்டன் எவனோ உள்ள உக்காந்திருக்கான்.” கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ஃபோல்டராக அழுத்தி, நீ எவ்வளவு கனம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒருவன் சிக்கினான். பெயர் ‘மோட்டார் காயில்’. சி-யில் பாதியை அவனே அடைத்துக்கொண்டிருந்தான்.

“காயில் படத்துக்கா இவ்ளோ எடம்?”

மோட்டார்க்காரர் தேள் கொட்டிய திருடனாக நின்றார். “அது... தொழில் சம்பந்தப்பட்டது. திறக்காத.”

இந்த வார்த்தைக்கு அப்புறமும் திறக்காமல் இருக்க அவள் என்ன மரமா? முதல் ஃபைலை அழுத்தினாள். அவள் குரலே வந்தது.

‘பிரிவு... ச்சே, கண்ணாடி எங்க? ஏங்க, பால் பொங்குது பாருங்க! பொங்குதுங்கறேன், காது அடைச்சுப்போச்சா?’

அடுத்ததில் இருமல். அதற்கடுத்ததில் ஒரு சட்ட வார்த்தை வாயில் நுழையாமல் அவள் விழுந்து விழுந்து சிரித்த சிரிப்பு. எல்லாம் அவள் குப்பையில் போட்டவை.

“இத எதுக்கு எடுத்து வெச்சீங்க?”

அவர் கிரீஸ் கையை ஏற்கனவே கிரீஸான துணியில் துடைத்தார். “நீ பஸ்ஸுக்குப் போனப்ப பகல்ல வீடு சும்மா கெடக்கும். இப்ப நீ வீட்லதான் இருக்க, ஆனா கதவச் சாத்திட்டு அந்தப் பொண்ணுகூட பேசற. எனக்கு ஒரு திட்டு கூட ஒழுங்கா வர்றதில்ல. பட்டறையில வேலை செய்யும்போது போட்டுக் கேப்பேன்.” துணியைத் தோளில் போட்டார். “அழிச்சுடு ரைட்டு. அழிச்சா உடனே எடம் வந்துடும். அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை இருக்கு.”

போன் அடித்தது. முன்சீட்டு. ரைட்டக்கா வாயைத் திறந்தாள். இருந்த காற்றும் தீர்ந்திருந்தது. போனை அவரிடம் நீட்டினாள்.

“அக்கா இல்லையா மாமா? பாடம் வருமா வராதான்னு மட்டும் சொல்லுங்க. வரலைன்னா பரவாயில்ல, அந்தப் பாடத்தை விட்டுட்டு மத்ததை...”

“இரும்மா, வண்டி டெப்போவுலதான் நிக்குது” என்று சமாளித்தபடி, அழிக்கும் பொத்தானை அவளுக்குக் கண்ணால் காட்டினார்.

ரைட்டக்கா ஃபோல்டரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு மோட்டார்க் கடை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்: ‘டிக்கெட் எடுத்தவனை நடுவழில எறக்கிவிட மாட்டேன். பின்னாடி போகட்டும்.’

மொத்தத்தையும் டி-க்கு இழுத்துப் போட்டாள். நகர்வைக் காட்டும் பச்சைக் கோடு, முழங்கால் வலிக்காரி மாடி ஏறுவதுபோல் ஏறியது. அவள் மேசையை விட்டு அசையவில்லை. அவர் போனை வைக்கவில்லை. பேச விஷயமில்லாமல், மோட்டாரில் தண்ணி ஏன் ஏறாது என்று முன்சீட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாவம், அந்தப் பெண் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தாள்.

கோடு நிறைந்தது. சி-யின் சிவப்பு நீலமானது. ரைட்டக்கா ‘சேமி’யை அழுத்தினாள். பெட்டி குதிக்கவில்லை. பாடம் உள்ளே போய் உட்கார்ந்தது. அனுப்பினாள்.

“மாமா, ஏதோ வந்திருக்கு! கடைசிப் பாடமா? முழுசா இருக்கா? அக்காவைச் சொல்லச் சொல்லுங்களேன்!”

ரைட்டக்கா மேசை இழுப்பறையைத் திறந்து, கயிறு அறுந்த விசிலை எடுத்தாள். போனைத் தன் பக்கம் இழுத்து இரண்டு முறை ஊதினாள். போகலாம் என்பதற்கு இரண்டு.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. “ரைட்டுக்கா!” என்றாள் முன்சீட்டு.