பெயர் மாறிய நிலநடுக்கம்

உதட்டைக் குவித்துத் தன் உள்ளங்கையில் ஊதுகிறார் ஹில்டா. பிறகு வாயை அகலத் திறந்து அதே இடத்தில் மூச்சு விடுகிறார். "நீயும் செஞ்சு பாரு. மொத தபா சில்லுனு கீதா? ரெண்டாந் தபா சூடா கீதா? ஒதட்ட குவிச்சா காத்து நெருங்கும், நெருங்கினா சில்லாவும். இன்னும் நெருங்கினா மேகம், அதுக்கும் மேல தண்ணி. இப்ப காத்துல தண்ணி ஜாஸ்தி. அதான் பேப்பர் சிக்குது. மெஷின திட்டாத." ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்த இளைஞர் தலையாட்டிவிட்டு, அட்டை திரும்பக் கிடைத்தால் போதும் என்று நிற்கிறார்.

கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் இருக்கிறது கடை. ஐப்பசி பிறந்தால் தாள் ஈரம் குடித்து இரண்டிரண்டாக இழுபடும். மற்ற கடைக்காரர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். ஹில்டா இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கத் தத்துவவாதி அனாக்சிமினிஸைக் கூப்பிடுவார். அவர் வாயில் அந்தப் பெயர் 'எங்க அனாக்ஸி'.

ஹில்டா தத்துவம் படித்தவர் அல்ல; தத்துவம் தட்டச்சு செய்தவர். பதினோரு வருடங்களுக்கு முன், ஓய்வுபெற்ற பேராசிரியர் லோகநாதன் தொலைதூரக் கல்வி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார். கையால் எழுதிய குறிப்புகளை ஹில்டாவிடம்தான் கொடுத்தார். அடிக்க அடிக்க அத்தனையும் மனதில் ஒட்டிக்கொண்டன. இடி இடித்தால், "மேகத்துக்குள்ள காத்து மாட்டிகினு, கிழிச்சிகினு வெளிய வருது" என்பார். வானவில்லைக் காட்டினால், "அதுவும் மேகந்தான், கலர் மேகம்."

"ஞாயித்துக்கெழம சர்ச்சு, மத்த நாள்லாம் அனாக்ஸி" என்று கணவர் டேனியல் கேலி செய்வார்.

"இடி இடிச்சா யாருக்கோ கோவம்னு அந்தாளு பயந்துகினு ஒக்காரல. இன்னா காரணம்னு தேடினாரு. அதுல உனக்கு இன்னா பேஜாரு?" என்பார் ஹில்டா. டேனியல் டீ வாங்கப் போய்விடுவார்.

அதே சந்தில் இன்னும் இரண்டு கடைகள் உண்டு, கட்டணமும் குறைவு. இருந்தும் பல்லாவரத்திலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் இவரைத் தேடி வருகிறார்கள். காரணம் ஒன்றுதான். "நான் அடிச்சா ஒரு புள்ளி மாறாது." கொஞ்சம் கர்வம்தான். ஆனால் அந்தப் பேச்சை நம்பித்தான் கடை ஓடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை லோகநாதன் மூன்று மாணவர்களோடு வந்தார். அவர்களில் ஜீவிதாவின் கையில் நூலகப் புத்தகம்.

"ஏம்மா ஹில்டா, நிலநடுக்கப் பாடத்துல ரெண்டு பேரையும் மாத்தி அடிச்சிட்டியே. பூமி தண்ணில மிதக்குது, தண்ணி ஆடினா பூமியும் ஆடும்னு சொன்னது அனாக்சிமினிஸுக்கு முன்னாடி இருந்த தேலிஸ். பூமி காஞ்சு வெடிச்சு உள்ள சரியுதுன்னது அனாக்சிமினிஸ். இந்தப் புத்தகத்தப் பாத்துதான் தெரிஞ்சுது, பதினோரு வருஷமா பசங்க தப்பா எழுதிக்கிட்டு இருக்காங்க."

"இந்த வாட்டி பரீட்சைல அந்தக் கேள்விதான் வந்துச்சுக்கா" என்றார் ஜீவிதா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே ஹில்டாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்திருந்த ஒருவர், மேஜைமேல் வைத்த தன் தாளை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதை ஹில்டா பார்த்தார்.

ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து ஒரு ஃபைலை இறக்கினார். யார் எழுதிக் கொடுத்ததையும் அவர் தூக்கிப் போடுவதில்லை. பக்கம் அகப்பட்டது. லோகநாதனின் குண்டு குண்டான கையெழுத்தில், 'தேலிஸ்: பூமி காய்ந்து வெடிப்பதால்' என்று தெளிவாக இருந்தது. கீழே அனாக்சிமினிஸ் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார். ஹில்டா அதை இரண்டு தரம் படித்தார். கோபம் வந்தது, நியாயமான கோபம். தாளைத் திருப்பிக் காட்டினால் போதும், விவகாரம் தீர்ந்துவிடும்.

லோகநாதனுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தன்மேல் சந்தேகமே இல்லாமல் நின்றார். மாணவர்கள் மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹில்டா அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து ஒரு பிரதி எடுத்தார். "நாளைக்குத் திருத்தி வெக்கிறேன், வந்து வாங்கிக்கோங்க" என்று மாணவர்களிடம் சொன்னார். பிறகு எழுத்து உள்பக்கம் போகும்படி பிரதியை நான்காக மடித்து, சாரின் சட்டைப் பையில், பேனாவுக்குப் பின்னால் செருகினார்.