ஒரே வருஷத்தில் போன ஐந்து பெரியவர்கள்

செய்யூர்ப் பக்கம் எங்கள் ஊரில், ஒரே வருஷத்தில் ஐந்து பெரிய மனிதர்கள் அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். மிராசுதார், பள்ளிக்கூடம் கட்டியவர், வைத்தியர், புலவர், ஜெயிலுக்குப் போன தியாகி. ஐம்பது வருஷம் கழித்து, இரண்டாயிரம் பிறந்த பிறகு, மிராசுதாரின் பேரன் ஐவருக்கும் சேர்த்து ஒரு நினைவு மலர் போடக் கிளம்பினார்.

அந்த ஐவரும் போன அதே வருஷம் கார்த்திகை மழையில் ஏரிக்கரை உடைந்தது. உடைப்பை அடைக்க இறங்கிய பண்ணையாள் ஒருவர் வெள்ளத்தோடு போனார். அவர் என் அப்பாவைப் பெற்றவர். கரையைக் காப்பாற்றிய பெருமையோ குடை பிடித்துக்கொண்டு மேலே நின்ற மிராசுதாருக்குப் போனது. அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. தகப்பன் முகம் ஞாபகமில்லை, போட்டோவும் கிடையாது.

அணுபுரம் குடியிருப்பில் தோட்டவேலை பார்த்த அப்பா, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மிராசுதாரின் பேரனைப் பார்க்கப் போனார். மகள் நானும் கூடப் போனேன்.

"எங்க நைனா பேரையும் ஒரு வரி போட்டுடுங்க சார். அவரும் அந்த வருசம்தான் செத்தாரு."

"உங்க நைனா இன்னா கலெக்டரா? இது பெரியவங்க புக்கு. போய் வேலையப் பாரு."

அப்பாவைவிடப் பத்து வயது சின்ன ஆள். அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இந்த ஆளை விடக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டேன்.

நான் அப்போது செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலையில் இருந்தேன். மலர் அங்கேயே அச்சுக்கு வந்தது. பேரனுக்கு என் முகம் ஞாபகமில்லை. எங்கள் முகமெல்லாம் அவருக்கு எதற்கு?

படங்களில் மிராசுதாரின் சமாதியும் இருந்தது. ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். கல்லில் வெட்டியிருந்த இங்கிலீஷ் தேதி ஜனவரி மாதம், அதுவும் அடுத்த வருஷம். திதி பார்த்துத் திவசம் கொடுக்கிற வீடு அது, கல்லை யாரும் படித்ததில்லை போலிருக்கிறது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறந்து பங்குனியில் முடிவதால், கார்த்திகையில் செத்தவரும் தையில் செத்தவரும் அவர்கள் கணக்கில் ஒரே வருஷம். ஆனால் பேரன் அட்டையில் இங்கிலீஷ் வருஷத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருந்தார். அந்த வருஷம் முழுக்க அவருடைய தாத்தா உயிரோடு இருந்திருக்கிறார்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. சமாதிப் படத்தை முழுப் பக்கத்துக்கு இழுத்து, தேதி பளிச்சென்று தெரியும்படி வைத்தேன். பேரன் புரூஃபில் அட்டையையும் தாத்தாவின் பட்டங்களையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

வெளியீட்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் பிரதி வாங்கிய ஓய்வுபெற்ற வாத்தியார் மேடையிலேயே புரட்டிப் பார்த்தார். எதிரே மைக் இருப்பதை மறந்து கேட்டார்.

"இன்னாப்பா இது? அட்டைல ஒரு வருசம், கல்லுல அடுத்த வருசமா கீது? உங்க தாத்தா இந்த லிஸ்ட்லயே வரமாட்டாரே!"

கூட்டம் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். பேரன் மேடையில் வியர்த்து நின்றதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை. மலர்க் கட்டுகளைப் பிரிக்காமலே காரில் ஏற்றிக்கொண்டு போனார். அதோடு அந்த மலர் ஒழிந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே அவராண்ட சொல்லியிருந்தா, மானத்தக் காப்பாத்தினதுக்காச்சும் எங்க நைனா பேர ஒரு வரி போட்டிருப்பாரேம்மா."

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. அந்த ஆளைப் பழிவாங்குகிற வெறியில், தாத்தாவை நானும் விட்டுவிட்டிருந்தேன்.